ஸ்பேசரை எப்படிப் பிடிப்பது என்பதையும் சொல்ல வேண்டும்

குழந்தைகளின் ஆஸ்துமா பற்றிய ஒரு கட்டுரை ‘இன்ஹேலருக்குப் பயப்படாதீர்கள்’ என்கிறது. நல்லது. ஆனால் வீட்டில் பிழை நடப்பது பயன்படுத்தும் விதத்தில்தான்.

இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழாய்தான் ஸ்பேசர். அது இல்லாமல் இன்ஹேலரைக் குழந்தை வாயில் நேராக அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். நான்கு வயதுக்குக் கீழே என்றால் மாஸ்க் வைத்த ஸ்பேசர். மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளியின்றி மூட வேண்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஒரே ஒரு முறை அழுத்தி, குழந்தை ஐந்தாறு தடவை இயல்பாக மூச்சுவிடும் வரை பிடித்திருங்கள். அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிடமாவது கழித்து, மறுபடி குலுக்க வேண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்து அடித்தால் நுரையீரலுக்குப் போகும் அளவு குறையும். வீறிட்டு அழும்போதும் அப்படித்தான். மடியில் வைத்துச் சமாதானப்படுத்திவிட்டுக் கொடுங்கள்.

பிளாஸ்டிக் ஸ்பேசரைத் துணியால் துடைக்கவே கூடாது. உராய்வில் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரிலேயே ஒட்டவைக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, தானாகக் காயவிடுங்கள்.

மூச்சிரைப்பு நின்றதும் தினசரித் தடுப்பு மருந்தையும் பெற்றோரே நிறுத்திவிடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. மூச்சிரைக்கும்போது உடனடி நிவாரணத்துக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளிருக்கும் அழற்சியை அடக்குவது தினசரித் தடுப்பு மருந்தான ஸ்டீராய்டு இன்ஹேலர். அதை ஒவ்வொரு முறை எடுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், மாஸ்க் என்றால் முகத்தையும் கழுவுங்கள். இல்லையேல் வாயில் வெண்படலம் வரலாம்.

விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுத்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலமானாலோ உடனே 108. வண்டி வரும்வரை சால்பியூட்டமாலை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே இருங்கள்.