கையை எடுக்கச் சொன்ன ஸ்பான்சர்

பழைய அமெரிக்க டிவி வெரைட்டி ஷோக்களின் துண்டு வீடியோக்கள் இப்போது யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. எட் சல்லிவன் ஷோ, கேரல் பர்னெட் ஷோ, கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்கள் என்று எது கேட்டாலும் கிடைக்கிறது. நானும் ராத்திரி தூக்கத்தை விட்டுவிட்டு இதையெல்லாம் பார்க்கிற ஆள்தான். ஆனால் இவற்றைப் பகிர்கிறவர்கள் பாடுவது ஒரே பல்லவி: அது பொற்காலம், அப்போதெல்லாம் டிவியில் அரசியல் கிடையாது, பாட்டும் கூத்தும் சிரிப்பும் மட்டும்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார் திரைக்கு வரலாம், யார் பக்கத்தில் யார் நிற்கலாம், யார் கை யார் மேல் படலாம் என்பது வரைக்கும் அங்கே அரசியல்தான். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கண்ணில் படாமல் அதை நடத்தினார்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து ஸ்பான்சர் என்பவர் இன்றைக்கு மாதிரி நடுவில் முப்பது நொடி விளம்பரம் போட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. நிகழ்ச்சியே அவருடையது. பெயரிலேயே இருக்கும்: டெக்சகோ ஸ்டார் தியேட்டர், கோல்கேட் காமெடி அவர், டைனா ஷோரின் செவ்ரலே ஷோ. 1950களில் நிறைய நிகழ்ச்சிகளைத் தயாரித்ததே விளம்பர ஏஜென்சிகள்தான். அதற்கு மேல் இன்னொரு பூட்டு உண்டு. என்பிசி, சிபிஎஸ் போன்ற நிறுவனங்கள் நிகழ்ச்சியைக் கொடுக்கும், ஆனால் அதை ஊர் ஊராக ஒளிபரப்புவது பெரும்பாலும் வேறு முதலாளிகள் கையில் இருந்த உள்ளூர் நிலையங்கள். பிடிக்கவில்லை என்றால் எடுத்துப் போட மாட்டார்கள். நிற வேறுபாடு சட்டமாகவே இருந்த தென் மாநிலங்களின் நிலையங்கள் முகம் சுளித்தால் நியூயார்க்கில் இருக்கிற ஸ்பான்சருக்கு வயிற்றைக் கலக்கும். அவருக்கு அங்கேயும் சோப்பு விற்க வேண்டுமே.

இந்த இடத்தில்தான் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோல் வந்து மாட்டினார்.

1956 நவம்பர் 5 ஆம் தேதி என்பிசியில் அவருடைய நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் வெறும் கால் மணி நேரம், 1957 கோடையில் அரை மணி நேரமானது. அப்போது அவர் அமெரிக்காவின் மிகப் பெரிய பாடகர்களில் ஒருவர், வெள்ளையர் வீடுகளிலும் அவருடைய இசைத்தட்டு சுழன்றது. அதே 1956 ஏப்ரலில்தான் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் மேடையில் பாடிக்கொண்டிருந்தவரை வெள்ளை இனவெறியர்கள் ஏறி வந்து தாக்கினார்கள். இரண்டும் ஒரே வருடம், ஒரே ஆள். நிகழ்ச்சிக்கு ஒரு தேசிய ஸ்பான்சர்கூடக் கிடைக்கவில்லை. ஒரு கறுப்பரோடு தங்கள் பொருளைச் சேர்த்துப் பார்த்தால் தென் மாநிலத்து வாடிக்கையாளர் வாங்க மாட்டார் என்ற பயம். என்பிசி தன் கைக்காசைப் போட்டு நடத்தியது, அதற்கான மரியாதையை அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், பாடகி பெக்கி லீ, கறுப்பினப் பாடகர் ஹாரி பெலஃபான்டே என்று அன்றைய உச்ச நட்சத்திரங்கள் பலர் சங்கம் நிர்ணயித்த அடிமட்டக் கூலிக்கு வந்து பாடிவிட்டுப் போனார்கள். அப்படியும் 1957 டிசம்பர் 17 ஆம் தேதியோடு நின்றுவிட்டது. என்பிசி வேறு நேரம் தருகிறேன் என்றது, கோல் போதும் என்று சொல்லிவிட்டார். மேடிசன் அவென்யூவுக்கு இருட்டென்றால் பயம் என்று அவர் சொன்னது இன்றைக்கும் மேற்கோளாகச் சுற்றி வருகிறது. விளம்பர ஏஜென்சிகள் குவிந்திருந்த நியூயார்க் தெரு அது.

பெலஃபான்டே பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் காலகட்டம் முழுக்க எங்கே தோண்டினாலும் இந்த மனிதர் வருகிறார்.

1959 டிசம்பர் 10, சிபிஎஸ்ஸில் 'டுநைட் வித் பெலஃபான்டே'. ஸ்பான்சர் ரெவ்லான், அழகுசாதனக் கம்பெனி. கலிப்சோ என்ற கரீபியன் தீவுப் பாட்டைப் பாடி எல்லோரையும் குஷிப்படுத்துவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் கறுப்பின மக்களின் உழைப்புப் பாடல்களையும் நாட்டுப்புறப் பாடல்களையும் ப்ளூஸையும் கொண்டுவந்து நிறுத்தினார். நாட்டுப்புறப் பாடகி ஒடெட்டாவைக் கூட்டிவந்தார். அவர் குரலை அதற்கு முன் கேட்டிராத எத்தனை வீடுகளில் அன்றைக்கு அது ஒலித்திருக்கும்! இந்த நிகழ்ச்சிக்காக அமெரிக்க டிவிக்கான எம்மி விருது வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். மேலும் சில ஸ்பெஷல்களுக்கு ஒப்பந்தமும் ஆனது. 1960 இல் வந்த அடுத்த ஸ்பெஷலில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்து ஆடினார்கள், பாடினார்கள். தெற்கிலிருந்து முணுமுணுப்பு கிளம்பியது. இனி ஒரே நிறத்து ஆட்களை வைத்துக்கொள்ளலாமே என்று ரெவ்லான்காரர்கள் கேட்டார்கள். முழுக்கக் கறுப்பர்கள் என்றால்கூட அவர்களுக்குப் பரவாயில்லை, கலப்புதான் ஆகாது. முடியாது என்றார் பெலஃபான்டே. அத்தோடு அந்தத் தொடர் முடிந்தது.

விருது வாங்கிக் கொடுத்த மனிதரை ஒரு கம்பெனி இப்படி வழியனுப்பியிருக்கிறது. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பொற்காலம் என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

இனி 1968. பிரிட்டிஷ் பாடகி பெட்டுலா கிளார்க் என்பிசிக்காக ஒரு மணி நேர ஸ்பெஷல் செய்கிறார். ஸ்பான்சர் பிளைமவுத் கார். விருந்தினர் பெலஃபான்டே. இருவரும் சேர்ந்து போருக்கு எதிரான ஒரு பாடலைப் பாடுகிறார்கள், அது கிளார்க்கே எழுதியதில் பங்குள்ள பாட்டு. சில டேக்குகள் எடுத்தார்கள். ஒன்றில் பாட்டின் உணர்ச்சியில் கிளார்க் பெலஃபான்டேயின் முன்கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்தத் துண்டை நீங்களே பார்த்தால் தெரியும், அதில் காதலும் இல்லை, கவர்ச்சியும் இல்லை. துக்கமான ஒரு பாட்டைப் பாடும்போது பக்கத்தில் நிற்கிறவரின் கையைப் பற்றிக்கொள்வது, அவ்வளவுதான். கார் கம்பெனியின் விளம்பரப் பொறுப்பாளர் துள்ளிக் குதித்தார்: இதைப் போடக் கூடாது, இருவரும் தள்ளி நின்று பாடிய டேக்கைப் போடுங்கள் என்று.

கிளார்க்கும் தயாரிப்பாளரான அவருடைய கணவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? மற்ற டேக்குகளை அழிக்க வைத்துவிட்டார்கள். கையைப் பிடித்த அந்த ஒரு டேக்தான் மிச்சம், போட்டால் இதைப் போடு, இல்லாவிட்டால் பாட்டே இல்லை. எனக்கு இந்த இடம் அவ்வளவு பிடிக்கும். அவர் வெளிநாட்டுக்காரர், அமெரிக்க டிவியில் பெயர் எடுக்க வந்தவர், பேசாமல் தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நிகழ்ச்சி 1968 ஏப்ரல் 8 அன்று அப்படியே ஒளிபரப்பானது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது ஏப்ரல் 4.

அந்த ஸ்பெஷலை இயக்கியவர் ஸ்டீவ் பைண்டர். அதே வருடம் டிசம்பரில் வந்த எல்விஸ் பிரெஸ்லி ஸ்பெஷலும் இவருடையதுதான். அதற்கு ஸ்பான்சர் நம் வீடுகளில் தையல் மெஷினாகத் தெரிந்த அதே சிங்கர். கிறிஸ்துமஸ் பாட்டு பாடி முடித்தால் போதும் என்று எல்விஸின் மேனேஜர் பிடிவாதம் பிடித்தார். கிங் போய், ஜூனில் ராபர்ட் கென்னடியும் போய், நாடே கலங்கிக் கிடந்த நேரம். பைண்டர் அதற்கேற்ற புதுப் பாட்டு ஒன்றை எழுத வைத்து எல்விஸை அதோடு முடிக்க வைத்தார். கறுப்புத் தோல் உடுப்பில் எல்விஸ் உட்கார்ந்து பாடுகிற பகுதிதான் எல்லோரும் பகிர்வது. கடைசிப் பாட்டையும் ஒருமுறை பாருங்கள்.

"அந்தக் காலத்தில் எல்லோருமே அப்படித்தான், இன்றைய கண்ணோடு பார்க்காதீர்கள்" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் அப்படி இல்லை. எட் சல்லிவனே சாட்சி. 1948 முதல் 1971 வரை ஞாயிறு தவறாமல் நடத்தியவர், பீட்டில்ஸ் முதன்முதலாக வந்த 1964 பிப்ரவரி 9 அன்று 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்த மேடை. கோலோடு கை குலுக்கினார், கறுப்பினப் பாடகி பேர்ல் பெய்லிக்குக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அவருக்கு ஸ்பான்சராக இருந்த கார் டீலர்களில் தெற்கத்தியர்கள் பொருமினார்கள். மனிதர் நிறுத்தவில்லை. பின்னாளில் சுப்ரீம்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு பலமுறை வந்தது, 1969 டிசம்பரில் குட்டி மைக்கேல் ஜாக்சன் அண்ணன்மாரோடு வந்தார். ஒருவரால் முடிந்தது என்றால் மற்றவர்கள் செய்யாதது அவர்களாக எடுத்த முடிவு. காலத்தின் மேல் பழி போட வேண்டாம்.

ஸ்பான்சர் மட்டும்தான் கத்தரித்தார் என்றும் இல்லை. 1968 செப்டம்பரில் ஸ்மதர்ஸ் பிரதர்ஸ் என்ற நகைச்சுவை இரட்டையரின் சிபிஎஸ் நிகழ்ச்சியில் பெலஃபான்டே பாட, பின்னணியில் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது போலீஸ் இளைஞர்களை அடித்த காட்சிகள் ஓடும்படி ஒரு பகுதி தயாரானது. சிபிஎஸ் முழுசாக வெட்டியது. அந்த நேரத்தை நிக்சனின் தேர்தல் பிரசாரத்துக்கு விற்றது. அடுத்த ஏப்ரலில் நிகழ்ச்சியையே ஊற்றி மூடியது.

எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. 1968 பிப்ரவரியில் ஜானி கார்சனுக்குப் பதிலாக ஒரு வாரம் முழுக்க 'டுநைட் ஷோ' என்ற இரவு நேர உரையாடல் நிகழ்ச்சியை நடத்தியவர் இதே பெலஃபான்டே. மார்ட்டின் லூதர் கிங் வந்தார், ராபர்ட் கென்னடி வந்தார், லீனா ஹோர்ன், அரேதா ஃபிராங்க்ளின், பால் நியூமன் என்று வரிசையாக வந்தார்கள். கிங்குக்கு அதற்குப் பிறகு இரண்டு மாதம்தான், கென்னடிக்கு நான்கு. இப்படி ஒரு வாரம் அமெரிக்க டிவியில் திரும்ப வந்ததே இல்லை என்பது என் எண்ணம். ஆனால் டேப் விலை அதிகம் என்பதால் பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே டேப்பில் புதிதாகப் பதிவு செய்வது அன்றைய வழக்கம். அந்த வாரத்தில் கிங், கென்னடி பேட்டிகளைத் தவிரப் பெரும்பகுதி இன்று இல்லை. 2020 இல் வந்த ஒரு ஆவணப்படம் இருக்கிற துண்டுகளை வைத்துத்தான் அந்த வாரத்தைச் சொல்கிறது.

பெலஃபான்டே 2023 ஏப்ரலில் தன் 96 ஆவது வயதில் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் பல அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கலிப்சோப் பாட்டோடு நின்றுவிட்டன. அது நல்ல பாட்டுதான். ஆனால் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் பெட்டுலா கிளார்க் கைபிடிக்கும் அந்த டேக்கைத் தேடிப் பாருங்கள், அப்புறம் 1957 ஆகஸ்டில் கோலும் அவரும் சிரித்துச் சிரித்து ஒரு கலிப்சோவை மாற்றி மாற்றிப் பாடுகிற துண்டு. அதைப் பகிர்கிறவர்கள் தயவுசெய்து ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: இந்த நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் கிடைக்கவில்லை, இந்தத் துண்டு வந்த நாலு மாதத்தில் நின்றுவிட்டது என்று.