மலையில் மூளைக்கு வேலை இல்லையா?

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பெரிய மலைக்கட்டம் (ஒரு நாள் ஓட்டம்) ஒன்று முடிந்தால் போதும், யாராவது ஒரு பட்டியலைப் போட்டுவிடுவார்கள். ஏற்றத்தின் பெயர், நிமிடம், நொடி. மேலே இன்றைய நட்சத்திரம் பொகாச்சர், கீழே தொண்ணூறுகளின் மலை வீரர் பந்தானி. கூடவே ஒரு வரி: "இப்போதெல்லாம் வாட் (காலின் பலத்தை அளக்கும் அலகு) அதிகம் உள்ளவன் ஜெயிக்கிறான், தந்திரமெல்லாம் அந்தக் காலம்." எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. வேகம் கூடக் கூடத் தந்திரத்தின் விலையும் கூடியிருக்கிறது என்பதுதான் என் கட்சி.

எல்லாரும் காட்டும் உதாரணத்தையே எடுப்போம். 2024 டூரின் 15வது கட்டம், பிளாட்டோ டி பேய். 15.8 கிலோமீட்டர், சராசரி 7.9 சதவீத ஏற்றம். 1998இல் பந்தானி 43 நிமிடத்துக்கு மேல் எடுத்த மலையைப் பொகாச்சர் 40 நிமிடத்துக்குள் முடித்தார். வாயைப் பிளக்க வைக்கும் நேரம்தான். ஆனால் அந்த வேகத்தை உண்டாக்கியது யார்? பொகாச்சரின் முக்கியப் போட்டியாளர் விங்கெகார்டின் விஸ்மா அணி. மொத்தப் பட்டியலில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த பொகாச்சரைக் களைக்க வைக்க வேண்டும் என்று நாள் முழுக்க முன்னால் ஓட்டி வேகத்தைக் கூட்டினார்கள். ஏற்றத்தில் அந்த அணியின் யோர்கன்சன் முன்னால் ஓட்டி இழுத்தார், 10.5 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது விங்கெகார்ட் பாய்ந்தார். பொகாச்சர் அவர் சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு, 5 கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போதுதான் தனியாகப் போனார். அந்தச் சாதனையில் பெரும்பகுதி எதிரணி உண்டாக்கிக் கொடுத்தது. ஒரு நிமிடம் 8 நொடி பின்னால் வந்த விங்கெகார்டும் பந்தானியின் நேரத்தை முறியடித்தார், அதை யாரும் பேசுவதில்லை.

ஏற்றத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை, அதனால் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டி ஓட்டுவதில் லாபமில்லை என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏறினால் கிட்டத்தட்ட சரி. ஆனால் பிளாட்டோ டி பேயில் இவர்கள் போனது ஏறத்தாழ 24. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். அந்த வேகத்தில் முன்னால் ஒருவர் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

சாப்பாடும் ஆட்டத்தை மாற்றிவிட்டது. முன்பு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து போதும் என்றார்கள். இப்போது குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் கலந்து 120 கிராம் வரை உள்ளே தள்ளுகிறார்கள். ஐந்தாவது மணி நேரத்திலும் காலில் பலம் இருப்பதால், கடைசி ஏற்றம் வரை காத்திருக்காமல் தூரத்திலிருந்தே தாக்கத் துணிகிறார்கள். அப்படித் துணிகிறவருக்கு முன்னால் துணைக்கு ஆள் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோவில், 2025இன் கடைசிக்கு முந்தைய நாளை, ஃபினெஸ்ட்ரே ஏற்றத்தை, நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதனால்தான். 18.5 கிலோமீட்டர், அதில் கடைசி 8 சரளை மண். முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியில் டெல் டோரோ, இரண்டாமிடத்தில் கராபாஸ், 1 நிமிடம் 21 நொடி பின்னால் மூன்றாவதாக சைமன் யேட்ஸ். அடிவாரத்திலேயே கராபாஸ் பாய்ந்து போக, டெல் டோரோ ஒட்டிக்கொண்டார். யேட்ஸ் பதறவில்லை. தன் வேகத்தில் ஏறிவந்து சேர்ந்தார், அப்புறம் தாண்டிப் போனார். பின்னால் இருந்த இருவரும் "நீ துரத்து" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உச்சியில் இடைவெளி இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆனால் யேட்ஸின் அணி காலையிலேயே பிரேக்அவேயில் (கூட்டத்தை விட்டு முன்னால் போகும் குழுவில்) அனுப்பியிருந்த சக வீரர் வான் ஆர்ட் மலைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார். அவர் பள்ளத்தாக்கில் யேட்ஸை இழுத்துக்கொண்டு போக, செஸ்ட்ரியேரேவில் இடைவெளி ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. ஜிரோ கைமாறியது. இதே மலையில் 2018இல் இளஞ்சிவப்பு ஜெர்சியைப் பறிகொடுத்தவர் யேட்ஸ். இதை எந்த வாட் கணக்கில் எழுதுவீர்கள்?

சரி, சந்தேகத்துக்கு வருவோம். தொண்ணூறுகளில் இபிஓ என்ற ஊக்கமருந்து பரவியிருந்த காலத்து நேரங்களைச் சுத்தமாக ஓட்டி முறியடிக்க முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை, இந்த விளையாட்டின் வரலாறு அப்படி. ஆனால் கடிகாரத்தால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. டயர், சாப்பாடு, உயரமான இடங்களில் பயிற்சி என்று காரணங்களை அடுக்குவதால் யாரும் சுத்தம் என்று ஆகிவிடாது. ஒரு நேரத்தைக் காட்டுவதால் குற்றவாளி என்றும் ஆகாது.

டூரின் இன்னொரு மலையான ஆட்டாகாமைப் பாருங்கள். 1996இல் அங்கே ஜெயித்த ரீஸ், தான் இபிஓ எடுத்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். 2025இல் பொகாச்சர் அதே மலையில் விங்கெகார்டுக்கு 2 நிமிடம் 10 நொடி முன்னால் வந்தார். அப்படியும் ரீஸின் நேரத்தை அவர் எட்டவில்லை. ஏற்றத்தின் தொடக்கத்திலேயே பாய்ந்து, சுமார் 12 கிலோமீட்டர் தனியாகக் காற்றை எதிர்த்துக்கொண்டு போனவர் அவர். பட்டியல் போடுகிறவர்கள் நிமிடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் வரையட்டும்: அவருக்கு முன்னால் யார், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள்?