‘டக்’ சத்தத்துக்கு ஸ்டார்டர் மோட்டார்தான் காரணமா?

பழைய ஜெட் ஸ்கியில் (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது ‘டக்’ என்று மட்டும் கேட்டால், எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்டர் மோட்டார் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி முடிவு கட்டாதீர்கள், வீண் செலவு.

முதலில் பேட்டரி. சும்மா இருக்கையில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் போதாது. பட்டனை அழுத்தியபடியே பாருங்கள். 9.5க்குக் கீழே சரிந்தால் நல்ல பேட்டரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வோல்ட் குறையவே இல்லையென்றால் ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), ஒயர் முனைகள் இவற்றைப் பாருங்கள். கடலில் ஓடிய வண்டியா? எர்த் ஒயரை (பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வருவது) எஞ்சினிலிருந்து கழற்றுங்கள். வெளியே பளிச்சென்று இருக்கும், வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். தேய்த்துவிட்டு இறுக்கினாலே பல வண்டிகள் சுற்றிவிடும்.

நல்ல பேட்டரியிலும் வோல்ட் சரிகிறதா? சிலிண்டரில் தண்ணீர் புகுந்திருக்கலாம். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அப்படியே நின்றுவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பிளக் ஒயர் கேப்புகளை எஞ்சின் உலோகத்தோடு இணைத்து எர்த் செய்துவிட்டு, பட்டனை அழுத்திச் சுற்றுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அப்புறம் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு அன்றைக்கே எஞ்சினை ஓட விடுங்கள். தள்ளிப்போட்டால் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பேரிங் துருப்பிடித்துவிடும்.