பணம் கட்டாவிட்டால் வீடு எரிவதை வேடிக்கை பார்ப்பார்களா?

"அமெரிக்காவில் தீயணைப்புத் துறை தனியார் கையில், சந்தா கட்டாதவர் வீட்டை எரிய விடுவார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. 2010இல் டென்னசி மாநிலத்தின் சவுத் ஃபுல்டன் நகருக்கு வெளியே, 75 டாலர் ஆண்டுக் கட்டணம் கட்டாத ஒரு வீடு அணைக்கப்படாமலே எரிந்தது. படிக்கும்போதே வயிறு எரிகிறது. ஆனால் வந்து நின்றது தனியார் நிறுவனம் இல்லை, நகராட்சியின் வண்டி. அந்த வீடு இருந்த கவுண்டிக்கென (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தனித் தீயணைப்புத் துறை இல்லாததால், நகரம் கட்டணத்துக்குச் சேவை கொடுத்து வந்தது.

அதை நாடு முழுக்க நடக்கும் வழக்கமாகச் சொல்வதுதான் தவறு. நம்மூரில் தீயணைப்பு மாநில அரசின் துறை. அங்கே பல மாநிலங்களில் 'தீயணைப்பு மாவட்டம்' என்ற தனி உள்ளாட்சி அமைப்பே உண்டு. கலிபோர்னியாவில் இதற்கென்றே 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிர்வாகக் குழுவைப் பெரும்பாலும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். செலவுக்குச் சொத்து வரி. வரி பாக்கி என்பதற்காக வண்டி திரும்பிப் போகாது.

அமெரிக்கா முழுவதும் பார்த்தால், தீயணைப்பு வீரர்களில் பெரும்பான்மையினர் தன்னார்வலர்கள். கிராமத்துச் சாலையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. அப்போது டேங்கர் வண்டி வந்ததும், மடித்து வைத்த பெரிய தார்ப்பாய்த் தொட்டியை ரோட்டோரம் விரித்து, நிமிடங்களில் நாலாயிரம் லிட்டர் அளவுக்குக் கொட்டுவார்கள். பம்ப் வண்டி அதிலிருந்து உறிஞ்சி அடிக்க, டேங்கர் அடுத்த நடைக்குக் கிளம்பிவிடும்.