2005 பேஸ்பால் விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்?

அமெரிக்க பேஸ்பாலில் ஸ்டீராய்டு (தசையை ஏற்றுகிற ஊக்கமருந்து) என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ஒரே வீடியோவைத்தான் பகிர்கிறார்கள். 2005 மார்ச் 17, வாஷிங்டன். பிரதிநிதிகள் சபையின் அரசுச் சீர்திருத்தக் குழு முன்னால் கோட்டு சூட்டு போட்ட வீரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ரஃபேல் பால்மைரோ ஆள்காட்டி விரலை நீட்டி, நான் ஸ்டீராய்டு எடுத்ததே இல்லை என்கிறார். மார்க் மக்வயர் தொண்டை கம்ம, பழைய விஷயங்களைப் பேச நான் இங்கே வரவில்லை என்கிறார். சாமி சோசாவின் அறிக்கையை அவருடைய வக்கீல் வாசிக்கிறார். கீழே கமெண்டில் சிரிப்பு ஸ்மைலிகள்.

அந்த விசாரணை காலையில் தொடங்கி இரவு வரை நடந்தது. வீரர்கள் வந்தது நடுவில்தான். அவர்களுக்கு முன்னால் பேசியது யார், அவர்கள் போன பிறகு வந்து உட்கார்ந்தது யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் அன்றைய விஷயமே அந்த இரண்டு அமர்வுகளில்தான் இருக்கிறது. நடுவில் நடந்ததை மட்டும் வெட்டிப் பார்த்ததால், இருபது வருடமாகத் தப்பான ஆட்களை மட்டுமே திட்டிக்கொண்டிருக்கிறோம்.

வீரர்கள் வருவதற்கு முன் பேசியவர்களில் பெற்றோர்களும் இருந்தார்கள். டெக்சஸ் மாநிலம் பிளேனோவிலிருந்து வந்த டான் ஹூட்டன் அவர்களில் ஒருவர். அவருடைய மகன் பள்ளி அணியில் பந்து வீசியவன். உடம்பை இன்னும் ஏற்று என்று பயிற்சியாளர் சொன்னதும் அவன் போய் நின்றது ஸ்டீராய்டில். 2003 ஜூலையில் தற்கொலை செய்துகொண்டான். ஊசியை நிறுத்திய பிறகு வந்த மனச்சோர்வுதான் அவனைக் கொண்டுபோனது என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும்போது உடம்பு தன்னுடைய சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் இரண்டுமே இல்லாத ஒரு காலம் வரும். அப்போது கடுமையான மனச்சோர்வு வரலாம். பதின்வயதுப் பையனுக்கு இதை எடுத்துச் சொல்ல ஜிம்மில் யார் இருக்கிறார்கள்?

கலிஃபோர்னியாவிலிருந்து வந்த இன்னொரு தம்பதியும் இதே மாதிரி மகனை இழந்தவர்கள். கல்லூரி அணியில் ஆடியவன், பெரிய லீக்குக்கு, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் மேல் மட்டத்துக்கு, போகும் கனவோடு இருந்தவன். பேஸ்பால் ஆடுகிறவர்கள் இதை எடுப்பார்கள், நானும் எடுக்கிறேன், இதில் என்ன இருக்கிறது என்பதுதான் அவன் மனதில் இருந்தது. ஹூட்டன் தன் முறை வந்தபோது, ஸ்டீராய்டு எடுத்த வீரர்கள் ஏமாற்றுக்காரர்கள் மட்டுமல்ல, கோழைகள் என்று நேராகவே சொன்னார். நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள் என்றார்.

மக்வயரின் தொண்டை கம்மியது இதற்குப் பிறகுதான். இதைத் தெரிந்துகொண்டு அந்த வீடியோவைத் திரும்பப் பாருங்கள், சிரிப்பு வராது.

சரி, அந்தப் பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டுதான் வழி என்று எப்படித் தோன்றியது? இங்கேதான் கடைசியாக வந்து உட்கார்ந்தவர்கள் வருகிறார்கள். லீக்கின் கமிஷனர் பட் சீலிக், அவருடைய அதிகாரிகள், வீரர்கள் சங்கத் தலைவர் டொனால்ட் ஃபெயர்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1991-லேயே அப்போதைய கமிஷனர் ஃபே வின்சென்ட் எல்லா அணிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சட்டவிரோதமான போதை மருந்துகளோடு ஸ்டீராய்டும் தடை என்று அதில் தெளிவாக இருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு வைத்திருப்பதை அமெரிக்கச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. ஆனால் சோதனை கிடையாது. சங்கத்தின் சம்மதம் இல்லாமல் சோதனை வைக்க முடியாது. அடுத்த வருடமே அணி உரிமையாளர்கள் வின்சென்டைப் பதவியிலிருந்து நெருக்கித் தள்ளினார்கள். அந்த இடத்துக்கு வந்தவர் பட் சீலிக். அவரே மில்வாக்கி அணியின் உரிமையாளர்.

1994-ல் வீரர்கள் வேலைநிறுத்தம். வருடக் கடைசியில் நடக்கிற இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் ரத்தானது. 1904-க்குப் பிறகு அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ரசிகர்கள் வெறுத்துப் போனார்கள். அவர்களை மைதானத்துக்குத் திரும்ப இழுத்து வந்தது 1998. மக்வயரும் சோசாவும் போட்டி போட்டு ஹோம் ரன் அடித்த வருடம் (நம் சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்). ரோஜர் மாரிஸ் 1961-ல் அடித்த 61 என்ற சாதனை 37 வருடம் நின்றிருந்தது. மக்வயர் 70 அடித்தார், சோசா 66.

அந்த ஆகஸ்டில்தான் ஸ்டீவ் வில்ஸ்டைன் என்ற ஏபி செய்தி நிறுவனத்தின் நிருபர் மக்வயரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் (உடம்பில் டெஸ்டோஸ்டிரோனாக மாறுகிற மருந்து) பாட்டில் இருப்பதைப் பார்த்து எழுதினார். அப்போது கடையில் யாரும் வாங்கலாம். ஆனால் ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கால்பந்திலும் ஏற்கெனவே தடை. லாக்கரில் திறந்த வெளியில் இருந்த பாட்டில் அது. லீக் உஷாராக அதுவே போதும். நடந்தது என்ன? எழுதினவர் மேல்தான் பாய்ந்தார்கள். மக்வயருடைய அணி மேலாளர் டோனி லா ரூசா, அந்தச் செய்தி நிறுவனத்தின் ஆட்களை வீரர்கள் அறைக்குள்ளேயே விடக்கூடாது என்றார். அதே லா ரூசாவுக்கு 2014-ல் பேஸ்பாலின் உயரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேம் மரியாதை கிடைத்தது.

ஸ்டேடியம் நிரம்பியது. டிவி பணம் வந்தது. பாரி பாண்ட்ஸ் என்ற இன்னொரு நட்சத்திரம் 2001-ல் 73 ஹோம் ரன் அடித்தார். வீரர்களின் கை கால் அளவே மாறிப்போனதைப் பார்த்துக்கொண்டு யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் இன்னொன்று இருக்கிறது. 2001-ல் லீக் ஊக்கமருந்து சோதனையைத் தொடங்கியது. யாருக்கு? பெரிய லீக்குக்குக் கீழே இருக்கிற மைனர் லீக் பையன்களுக்கு. அவர்களுக்குச் சங்கம் இல்லை, யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. சொற்பச் சம்பளத்தில் ராத்திரி முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடுகிற இருபது வயதுப் பையனின் சிறுநீரைச் சோதித்தார்கள். கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற, கூட்டத்தைக் கூட்டுகிற நட்சத்திரத்தைத் தொடவில்லை. மேல் மட்டத்தில் 2003-ல் பெயர் இல்லாமல் ஒரு கணக்கெடுப்புச் சோதனை வைத்தார்கள். 5 சதவீதத்துக்கு மேல் சிக்கியதால்தான் அடுத்த வருடம் முறையான சோதனையே வந்தது. அதிலும் முதல் தடவை மாட்டினால் சிகிச்சை மட்டும், ஒரு ஆட்டம் கூடத் தடை இல்லை.

நான் தொழிற்சங்கங்களை மதிக்கிறவன். வேலை செய்கிறவனின் உடம்பைச் சோதிக்க முதலாளிக்குத் தடையில்லாத உரிமை கொடுத்துவிடக் கூடாது என்பதும் நியாயமான கவலைதான். ஆனால் ஃபெயரின் சங்கம் யாரைக் காப்பாற்றியது? ஊசி போடாமல் நேர்மையாக ஆடி, ஊசி போட்டவனிடம் இடத்தைப் பறிகொடுத்தவனும் அந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டியவன்தானே? அவனுக்காக ஒரு வார்த்தை கூட அங்கே பேசவில்லை.

விசாரணைக்கு இரண்டு மாதம் முன்பு, 2005 ஜனவரியில், புதிய விதி வந்துவிட்டது என்று பெரிதாக அறிவித்தார்கள். முதல் தடவை பிடிபட்டால் 10 நாள் தடை. குழு சம்மன் போட்டு ஆவணத்தை வாங்கிப் பார்த்தபோது அதில் வேறு மாதிரி இருந்தது. 10 நாள் தடை, அல்லது 10,000 டாலர் வரை அபராதம். அந்த 'அல்லது' வெளியே சொல்லப்படவே இல்லை. பல மில்லியன் சம்பளம் வாங்குகிறவருக்குப் பத்தாயிரம் டாலர் என்ன பெரிய பணம்? அபராதத்தோடு போனால் பெயர்கூட வெளியே வராமல் போயிருக்கும். குழுத் தலைவர் டாம் டேவிஸ் குடியரசுக் கட்சி, மூத்த எதிர்க்கட்சி உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன் ஜனநாயகக் கட்சி. இரண்டு பேரும் சேர்ந்து இந்த இடத்தில் பிடித்தார்கள் பாருங்கள், அதற்காகவே அந்த விசாரணை நடந்தது நல்லது என்பேன்.

நாடாளுமன்றத்துக்கு வேறு வேலை இல்லையா, விளையாட்டில் எதற்கு மூக்கை நுழைக்கிறது என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். 1922-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், ஏகபோக வணிகத்தைத் தடுக்கிற சட்டத்திலிருந்தே பேஸ்பாலுக்கு விலக்கு இருக்கிறது. வேறு எந்த விளையாட்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. பல நகரங்களில் ஸ்டேடியமே வரிப்பணத்தில் கட்டியது. சலுகையும் வேண்டும், கேள்வியும் கேட்கக் கூடாது என்றால் எப்படி?

விளைவும் இருந்தது. அதே வருடம் நவம்பரில் தண்டனை மாறியது. முதல் தடவை 50 ஆட்டம், இரண்டாவது 100, மூன்றாவது ஆயுள் தடை. ஜனவரியில் 10 நாள், நவம்பரில் 50 ஆட்டம். நடுவில் நடந்தது அந்த விசாரணை.

வீரர்கள் அமர்வில் குழு சறுக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்னாள் வீரர் ஹோசே கான்சேக்கோ ஸ்டீராய்டு பற்றி அந்தப் பிப்ரவரியில் வெளியிட்ட புத்தகம்தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. காசுக்காக எழுதினார் என்று எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அவர் சொன்னதில் பலவும் பிற்பாடு உண்மையென்று ஆனது. சொல்வதை வைத்து வழக்கு போடக் கூடாது என்ற சட்ட விலக்கை அவர் கேட்டார், கிடைக்கவில்லை. மக்வயர் தரப்புக்கும் அதே பயம். உண்மையைச் சொன்னால் வழக்கு வரலாம், பொய் சொன்னால் பொய்ச்சாட்சி. அப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார வைத்தால் யார்தான் வாயைத் திறப்பார்கள்? மக்வயர் 2010 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். செயிண்ட் லூயிஸில் அவர் பெயரிலிருந்த நெடுஞ்சாலைக்கு அந்த வருடமே பெயரை மாற்றினார்கள்.

பால்மைரோவின் கதை வேறு. அந்த விரலை நீட்டி ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 1 அன்று ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டு எடுத்ததாக 10 நாள் தடை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் 3,000 ஹிட் (பந்தை அடித்துவிட்டு பத்திரமாக ஓடிச் சேர்வது) என்ற மைல்கல்லைத் தொட்டிருந்தார். 3,000 ஹிட்டும் 500 ஹோம் ரன்னும் சேர்ந்து வைத்திருந்தவர்கள் அன்றைக்கு நான்கே பேர், அவர் நான்காவது. பொய்ச்சாட்சி வழக்கு போடப் போதிய ஆதாரம் இல்லை என்று குழு விட்டுவிட்டது.

2008 பிப்ரவரியில் நடந்த, நட்சத்திரப் பந்துவீச்சாளர் ராஜர் கிளெமென்ஸ் விசாரணையைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2007 டிசம்பரில் பேஸ்பாலில் ஊக்கமருந்து பற்றி முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலின் அறிக்கை வந்து, அதில் கிளெமென்ஸ் பெயர் இருந்ததால் வந்தது அது. அவரும் அவருடைய பயிற்சியாளர் பிரையன் மக்னமியும் ஒரே மேஜையில், ஒருவர் பொய் சொல்கிறார் என்று இன்னொருவர். உறுப்பினர்கள் கட்சி வாரியாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். 2012-ல் கிளெமென்ஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார். முதல் விசாரணை ஒரு அமைப்பைக் கேள்வி கேட்டது. இது இரண்டு பேரின் பஞ்சாயத்தாகப் போய்விட்டது.

ஊசி போட்டவர்கள் அப்பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. போட்டார்கள், பொய் சொன்னார்கள், அதற்கான அவமானம் அவர்களுடையதுதான். அந்த அவமானத்தில் நிர்வாகத்துக்குச் சேர வேண்டிய பங்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் கேள்வி. சீலிக் 2016 டிசம்பரில் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். 16 பேர் கொண்ட குழுவில் 15 பேர் ஓட்டுப் போட்டார்கள். பாண்ட்ஸும் கிளெமென்ஸும் பேஸ்பால் எழுத்தாளர்கள் ஹால் ஆஃப் ஃபேமுக்கு நடத்துகிற வாக்கெடுப்பில் 2022-ல் கடைசி வாய்ப்பையும் இழந்து, 2025 டிசம்பரில் அதே மாதிரி 16 பேர் குழு ஒன்றின் முன் வந்தார்கள். ஆளுக்கு ஐந்து ஓட்டுக்கூடத் தேறவில்லை.

ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிற கூப்பர்ஸ்டவுனில் சீலிக்குக்குப் பலகை இருக்கிறது என்றால் பாண்ட்ஸுக்கும் வையுங்கள். இரண்டு பலகையிலும் நடந்ததை எழுதுங்கள். பாண்ட்ஸ் பலகையில் ஊக்கமருந்து சர்ச்சையும் இருக்கட்டும். சீலிக் பலகையில் 1991 சுற்றறிக்கையும், அதற்குப் பிறகு சோதனை வர எத்தனை வருடம் ஆனது என்பதும் இருக்கட்டும். அது முடியாது என்றால் இரண்டு பேருமே வேண்டாம்.