கடிகாரத்தைக் காதில் வைத்தால் கொலைகாரன் கிடைத்துவிடுவானா?

மூன்று நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. கொலம்போ என்ற துப்பறிவாளரைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை 1971ஆம் ஆண்டுப் பகுதிகளிலிருந்து ஒன்றுவிடாமல் வரிசையாகப் பார்த்துவந்து, ஐந்தாவது பருவத்தின் கடைசிப் பகுதியான ‘லாஸ்ட் சல்யூட் டு த கமோடர்’ வந்ததும் இப்படி ஏமாந்து உட்கார்ந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

சிம்மக்கல்லில் பெரியப்பா வீட்டில் ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். அன்று மின்சாரம் இரண்டு தடவை போயும், வரும்வரை விசிறிக்கொண்டு காத்திருந்தோம். அவ்வளவு நம்பிக்கை.

கொலம்போவுக்கும் நமக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. கொன்றவன் யார், எப்படிக் கொன்றான் என்பதைத் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் கசங்கிய மழைக்கோட்டுக்காரர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவந்து, “இன்னும் ஒரே ஒரு விஷயம்” என்று கேட்கும்போது, எதிரே நிற்கும் பெரிய மனிதரின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். தொடரை உருவாக்கிய லெவின்சனும் லிங்க்கும் கட்டிக்கொடுத்த அந்த அமைப்பை 1976 மே மாதம் ஒளிபரப்பான இந்த ஒரு பகுதியில் போட்டு உடைத்தார்கள். கமோடர் என்று எல்லோரும் அழைக்கும் பெரியவரைக் கொன்றது யார் என்று காட்டவில்லை. அவருடைய மருமகனாக நடிக்கும் ராபர்ட் வான் தடயங்களைத் துடைப்பதை மட்டும் காட்டி, அவர்தான் கொலைகாரர் என்று நம்மை நம்பவைத்து, பாதிக் கதையில் அவரையும் கொன்றுவிடுகிறார்கள். சரி, புதிதாக ஏதோ செய்யப்போகிறார்கள் என்று அதையும் பொறுத்துக்கொண்டேன்.

கொலம்போவை என்ன செய்தார்கள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் மனிதர், இதில் பார்ப்பவர் தோளிலெல்லாம் கைபோட்டு, முகத்தோடு முகம் ஒட்டுகிற மாதிரி நின்று பேசுகிறார். தியானம் செய்யும் பெண்ணுக்கு எதிரே தானும் பத்மாசனம் போட்டு உட்காருகிறார். கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபாக் ஐந்து பருவமாகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய மனிதர் இவர் இல்லை. இயக்கியவர் பேட்ரிக் மெக்கூகன் என்பதுதான் இன்னும் வலிக்கிறது. இதே தொடரில் 1974இல் ராணுவப் பள்ளித் தலைவராக ஃபாக்குக்கு எதிரே நின்று, கண்ணசைவிலேயே எம்மி என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி விருது வாங்கியவருக்கு இந்தப் பாத்திரத்தின் அருமை தெரியாதா?

அப்புறம் அந்த முடிவு. குடும்பத்தையே ஓர் அறையில் கூட்டிவைத்து, ஒவ்வொருவர் காதிலும் ஓடும் கைக்கடிகாரம் ஒன்றைப் பிடித்து, ‘கமோடரின் கடிகாரம்’ என்று சொல்லிக்கொண்டே வருகிறார். ஒருவர், இரண்டு பேர், மூன்று பேர் என்று அது நகர நகர நாங்கள் இருவரும் நுனியில் உட்கார்ந்திருந்தோம். கமோடரின் சகோதரர் மகன் ஸ்வானி மட்டும் ‘இல்லை’ என்று ஒரே ஒரு சொல் சொல்கிறான். கமோடரின் கடிகாரம் உடைந்து நின்றுபோனது கொன்றவனுக்குத்தானே தெரியும், ஆகவே இவன்தான் கொலைகாரன்! அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

பெரியப்பா மேலமாசி வீதியில் நாற்பது வருடம் கடிகாரம் பழுதுபார்த்தவர். திரையையே சற்று நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, உடைஞ்ச வாட்ச்சைத் திரும்ப ஓட வைக்கத்தானே நான் கடையே வச்சிருந்தேன்? ரிப்பேருக்குக் குடுத்திருக்க மாட்டாங்களான்னு ஒருத்தனுக்குக்கூடத் தோணலையா?” என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? அவர் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். சத்தத்தை மட்டும் கேட்டு எந்தக் கடிகாரம் யாருடையது என்று தன்னாலேயே சொல்ல முடியாது என்றும் சொன்னார். வாய்தவறி வந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்த நீதிபதி தண்டனை தருவார்? ஒரு நூலிழையைப் பிடித்து, எதிராளிக்கு வேறு வழியே இல்லாமல் செய்து காட்டிய மனிதருக்கு இந்த ஊகம் போதுமென்று எப்படித் தோன்றியது?

கடைசியில் கொலம்போ ஒரு படகில் ஏறித் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறார். பெயர்கள் ஓடி முடிவதற்குள் பெரியப்பா எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். ஐந்து பருவத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை.