எழுபதைக் கடந்தால் உணவுக்குழாய்க் கட்டிக்கு அறுவை சிகிச்சை கூடாதா?

"எழுபது வயதுக்கு மேல் உணவுக்குழாயில் கட்டி வந்தால் அது புற்றுநோய்தான், கத்தி பட்டால் பரவிவிடும், அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்" என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

உணவுக்குழாய்க் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் என்பது உண்மை. ஆனால் எல்லாம் அல்ல. சுவரின் தசை அடுக்கில் வளரும் லியோமயோமா புற்றுநோய் அல்லாத கட்டி. சிறியதாக, தொல்லையின்றி இருந்தால் கண்காணித்தாலே போதும். விழுங்கத் தடையானால் குழாயை வெட்டாமல் கட்டியை மட்டும் தோண்டி எடுக்கலாம். அதே இடத்தில் மிக அரிதாக வரும் ஜிஸ்ட் (GIST, செரிமானப் பாதையின் சுவரில் வளரும் ஒரு வகைக் கட்டி) பார்வைக்கு அதைப் போலவே இருக்கும், ஆனால் புற்றுத்தன்மை கொண்டது. எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டும் திசுப் பரிசோதனையும் இவற்றைப் பிரித்தறிய உதவுகின்றன.

"கத்தி பட்டால் பரவும்" என்ற அச்சம் எங்கிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குப் புரிகிறது. ஜிஸ்ட் கட்டி உடைந்தால் மீண்டும் வரும் வாய்ப்பு கூடும். அதனால்தான் அதை உடையாமல் முழுதாக எடுக்க மருத்துவர்கள் அவ்வளவு கவனம் எடுக்கிறார்கள். பெரிய கட்டியை முதலில் இமாட்டினிப் மாத்திரையால் சுருக்கிவிட்டு அறுப்பதும் உண்டு.

வயது மட்டும் தடையல்ல. இதயம், நுரையீரல், ஊட்டநிலை, நடமாட்டம் ஆகியவற்றைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். உணவுக்குழாயையே அகற்றுவது முதியவருக்குப் பெரும் சுமை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முடிவைப் பரிசோதித்த மருத்துவரோடு பேசி எடுங்கள். விழுங்குவதில் சிரமம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.